ஈரக்காலுக்கு ஒரு தரை

பூச்சந்தைக்குப் போகிற வழியில் கட்டில், பீரோ விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் யாராவது கட்டிலைக் கழற்றிப் போட்டு பாலிஷ் ஏற்றிக்கொண்டிருந்தால், என் மூக்குக்குத் தெரிவதற்கு முன்னால் என் இடது கணுக்காலுக்குத் தெரிந்துவிடும். அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை. பாதி இனிப்பு, பாதி ஆஸ்பத்திரி. தகடும் திருகாணியும் இருக்கிற இடத்தில் உள்ளிருந்து யாரோ விரலால் சுண்டுவார்கள். வாங்க வந்த பிச்சிப்பூவை மறந்து நின்றுவிடுவேன். பிறகு நடப்பேன். நடக்க முடிகிறது என்பது எனக்கு இன்னும் பழகிப்போகவில்லை.

நான் நடக்கிறவள். உட்கார்ந்து எழுதிய வரி ஒன்றுகூட என்னிடம் கிடையாது. கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்து, மொட்டை மாடியில் நடந்து, வாய்க்குள் உருட்டிப் பார்த்து, கால் சரி என்று சொன்ன பிறகுதான் தாளில் இறக்குவேன். "தறியில குறுக்கும் மறுக்குமா நாடா ஓடுத மாதிரி ஓடிக்கிட்டே இருக்கா பாரு" என்பார் என் வீட்டுக்காரர். அவர் துண்டு, லுங்கி விற்கிறவர். கீழே கடை, மேலே வீடு. தறியைத் தவிர வேறு உவமை அவருக்கு வராது.

ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பிப்பார்கள். நூற்றெட்டு, ஐந்நூற்றொன்று என்று அவரவர் கணக்கு. தபசு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். ஒற்றைக்காலில் தவம் நிற்கிற அம்மனுடைய கால்வலியில் ஒரு கிள்ளு நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்வார்கள். எனக்கு வேண்டுதல் என்று எதுவும் இருந்ததில்லை. வெறுங்காலோடு, கூட்டத்தோடு கூட்டமாக, யாரும் எங்கே போகிறாய் என்று கேட்காமல் சுற்றிச் சுற்றி நடக்க ஒரு பெண்ணுக்கு வருடத்தில் பத்து நாள் கிடைக்கிறது, அதை விடுவேனா? கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் ஆடியிலிருந்து ஒரு வருடம் தப்பாமல் நூற்றெட்டு.

ஒரு மாசியில் விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை. வீடு கழுவுகிற நாள். மஞ்சள் தண்ணீர் தெளித்த அடுக்களை. கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் தேடித் தேடி எடுத்துப் பதித்த டைல்ஸ். கால் போன திசை ஒன்று, நான் போன திசை ஒன்று. அறுவை முடிந்து, தகடு வைத்து, கட்டுப் பிரித்து எழுந்தபோது சித்திரை முடியப் போகிறது. நடை சொல்லிக்கொடுக்க வந்த பிசியோதெரபிப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும், கறாராகச் சொல்லிவிட்டாள். "வெறுங்காலோட நடங்கம்மா. சமமான தரையில, வழுக்காத தரையில. இன்னொரு தடவை வழுக்குனீங்கன்னா தகடும் சேர்ந்து வளையும்."

"ஆடிக்கு நூத்தெட்டு சுத்தணும்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும், "அப்போ முதல்ல தரையப் பாருங்க" என்றாள்.

தரையைப் பார்த்தேன். வீட்டில் எல்லா அறையிலும் அந்தக் கண்ணாடி டைல்ஸ். அந்த மாசிக்குப் பிறகு அதன்மேல் நிற்கும்போதெல்லாம் சுவரைப் பிடிக்காமல் நின்றதில்லை. கூடம் மட்டும் பலகைத் தரை. ஒரு காலத்தில் மிளகாய்வத்தல் மூட்டை அடுக்கிய மாடி அது. பாரம் தாங்குவதற்காக உத்திரத்துக்கு மேல் கனத்த தேக்குப் பலகை பரப்பியிருந்தார்கள். மரம் இரும்பு மாதிரிதான் இருந்தது. மேல்தோல்தான் சாம்பல் பூத்து, நார் எழும்பி, காலில் சிராய் ஏற்றுகிற நிலையில் கிடந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் சந்து. அவ்வளவு வருடம் அதன்மேல் ஒரு ஜமக்காளத்தை விரித்து மறைத்துவைத்திருந்தோம்.

"இங்கேரு, பேசாம மேலோட்டமா டைல்ஸ ஒட்டிருவோம்" என்றார் வீட்டுக்காரர். கையில் மாதிரிக்கு ஒரு சதுரம் வேறு கொண்டுவந்திருந்தார். அதில் என் முகம் தெரிந்தது.

"டைல்ஸ்லதான நான் விழுந்தேன்?"

"தண்ணியில விழுந்தட்டி. டைல்ஸ் என்ன செய்யும்?"

"சரி. தண்ணி பட்டாலும் விழாத தரை எனக்கு வேணும். மரத்துல அது ஆகும். ஆக்கிக் காட்டுதேன்."

"எப்படி?"

எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மாதிரிச் சதுரத்தைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டேன்.

பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு பாலிஷ்காரர் வந்தார். நாற்பதைத் தொட்ட வயது. பைக்கின் ஒரு பக்கம் மரம் தேய்க்கிற உப்புத்தாள் கட்டு, இன்னொரு பக்கம் ஸ்பிரிட் கேன். வந்ததும் எங்கள் நிலைக்கதவைத் தடவிப் பார்த்து, "இது நம்ம கைவேல இல்ல" என்றார். பிறகு தரையைப் பார்த்தார். முழங்கால் போட்டுக் குனிந்து நகத்தால் கீறிப் பார்த்தார். எழுந்தபோது முகம் மாறியிருந்தது.

"அக்கா, இது ராசா மாதிரி மரம்லா. இதுல ஸ்பிரிட் பாலிஷ் ஏத்துனோம்னு வைங்க, நீங்க குனிஞ்சு பொட்டு வச்சுக்கிடலாம்."

எனக்கும் ஆசை வந்தது. அதை மறைப்பானேன். வழுக்குமா என்று கேட்டேன். "காஞ்சிட்டா வழுக்காதுக்கா" என்றார். ஈரத்தில் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு பொருளுக்குப் பக்குவம் செய்தால் அது மினுங்க வேண்டும். எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் மினுக்கத்தில்தான் தொடங்குவார்கள்; குத்துவிளக்கிலிருந்து காரின் முன்கண்ணாடி வரைக்கும் அப்படித்தான்.

தேய்க்க ஆரம்பித்த அன்று நடந்ததை என்னவென்று சொல்ல? மிஷின் பலகையில் பட்டதும் சந்துகளில் எத்தனையோ வருடமாகக் கிடந்த வத்தல் தூள் எழும்பியது. பாலிஷ்காரர் தும்மினார். நான் தும்மினேன். படியேறி என்ன சத்தம் என்று கேட்க வந்த வீட்டுக்காரர் கேள்வியை முடிக்காமலே தும்மினார். கீழே கடையில் துண்டு பிரித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளரும் தும்மினார் என்று பிறகு தெரிந்தது.

"அண்ணாச்சி, இது தரையா, ரசப்பொடி டப்பாவா வே?" என்று கண்ணீரோடு கேட்டார் பாலிஷ்காரர்.

மூன்று நாளில் ஸ்பிரிட் பாலிஷ் ஏறி முடிந்தது. பஞ்சுப் பொட்டலத்தைத் துணியில் சுற்றி, அரக்குக் கரைசலில் நனைத்து, சுழற்றிச் சுழற்றித் தேய்த்தார். பலகைக்குள்ளிருந்து பனங்கற்கண்டு நிறத்தில் ஒரு வெளிச்சம் கிளம்பியது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் பார்த்துவிட்டுப் போனார்கள். காய்ந்த தரையில், சுவரை ஒட்டி, முதல் நாள் எட்டுச் சுற்று நடந்தேன். உள்ளங்காலில் மரம் இளஞ்சூடாக இருந்தது. எழுத ஒரு வரியும் வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது.

கூடத்தின் கிழக்கு மூலையில்தான் சாமி அலமாரி. கால் நீட்டி உட்கார்ந்து, அரிசிமாவைத் தண்ணீரில் கரைத்து, அதன்முன் மாக்கோலம் போட்டேன். மாசிக்குப் பிறகு என் கையால் போட்ட முதல் கோலம். கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். எட்டுத் தாமரை, சுற்றிலும் கொடி. மறுநாள் காலை ஈரத்துணியால் துடைத்தேன். மாவு போனது. கோலம் போகவில்லை.

மறுபடி துடைத்தேன். அழுத்தித் துடைத்தேன். எட்டுத் தாமரையும் பனிமூட்டம் மாதிரி வெளுத்து, பாலிஷுக்குள்ளேயே பூத்து நின்றன. பக்கத்தில் வட்டமாக ஒரு வெள்ளை வளையம். வீட்டுக்காரர் காப்பி டம்ளர் வைத்த இடம்.

"நல்லதுதானட்டி" என்றார் அவர், சிரிப்பை அடக்கத் தெரியாமல். "இனிமே நீ வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கோலம் போட வேண்டாம்லா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளுத்த இடத்தில் கையை நனைத்து வைத்துப் பார்த்தேன், கொழகொழவென்று வழுக்கியது. ஒரு கிண்ணம் மாக்கரைசலுக்கே இப்படி என்றால், சுற்றி முடித்து, கால் கழுவி, ஈரத்தோடு நான் ஏறினால்? ஆடிக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

பாலிஷ்காரர் வந்து பார்த்தார். வெளுப்பை நகத்தால் சுரண்டினார். பிறகு என்னைத்தான் குற்றம் சொன்னார்.

"ஏங்கக்கா, பாலிஷ் மேல போயி யாராவது கோலம் போடுவாகளா?"

"தரையில போடாம வேற எதுல தம்பி போடுவாக?"

அவர் போய் மேல்படியில் உட்கார்ந்துகொண்டார். அவர் அப்போது சொன்னதை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன். தன் தொழிலில் தனக்குத் தெரியாததை ஒப்புக்கொள்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

"உள்ளதச் சொல்லுதேங்கக்கா. நான் தரைக்கு அடிச்சதே இல்ல. இந்த ஏரியாவுல மரத்தரை யாரு வச்சிருக்கா? கதவப் படுக்கப் போட்டா தரைதானன்னு நெனச்சிட்டேன். கதவு மேல யாரும் நடக்க மாட்டாகல்லா, தண்ணி ஊத்த மாட்டாகல்லா… அது என் புத்திக்கு எட்டல."

"எனக்கும்தான் எட்டல. மினுக்கத்தப் பாத்துட்டு ரெண்டு பேரும் விழுந்துட்டோம். நான் ரெண்டாந்தடவ" என்றேன். "போகட்டும். இனிமே கண்ணால பாத்து எடுக்க வேண்டாம். காலால பாத்து எடுப்போம்."

அப்படித்தான் பலகைச் சோதனை தொடங்கியது. அதே மரத்தின் மிச்சத் துண்டுகள் படிக்கட்டின் அடியில் கிடந்தன. அவற்றை அறுத்துத் தேய்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சு. ஒன்றில் ஆளிவிதை எண்ணெய். ஒன்றில் சாதாரண வார்னிஷ். ஒன்றில், இப்போது கட்டிலுக்கெல்லாம் அடிக்கிறார்களே, அந்த மெலமைன். ஒன்றில் பி.யூ. என்று சொல்கிற பிளாஸ்டிக் மாதிரிப் பூச்சு, மினுங்குவது. இன்னொன்றில் அதே பி.யூ., மினுங்காதது, மேட் என்பார்கள். ஆறாவது பாலிஷ்காரருடைய யோசனை: ஏற்கெனவே அடித்த ஸ்பிரிட் பாலிஷை எடுக்காமல் அதன்மேலேயே பி.யூ. அது நின்றுவிட்டால் தரையை மறுபடி தேய்க்கிற வேலை மிச்சம்.

டப்பாக்களில் எழுதியிருந்ததைப் படித்தேன். குதிகால் செருப்பு, நாய் நகம், நாற்காலிச் சக்கரம் எல்லாவற்றையும் தாங்கும் என்றிருந்தது. எங்கள் வீட்டுக்குள் இதில் ஒன்றுகூட வராது. செருப்பு வாசலோடு சரி. எங்கள் தரைக்கு வருகிறவை வேறு: கழுவிய கால், விளக்கெண்ணெய், மஞ்சள் தண்ணீர், குழம்புச் சட்டி, மாக்கோலம். எல்லாவற்றுக்கும் மேலாக மண். கோலப்பொடியும் மண்தான், வெறுங்காலின் கீழ் அது உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். இதை எந்த டப்பாவும் சொல்லாது. நாங்களேதான் பார்த்தாக வேண்டும்.

ஒவ்வொரு பலகையையும் இரண்டாக வெட்டினோம். பாதி மேலே என் அடுக்களையில். பாதி கீழே, கடையின் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரிசையாக. வாடிக்கையாளர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, பாதத்தில் தெருப்புழுதியோடு அதை மிதித்துத்தான் உள்ளே வர வேண்டும். வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவே இரண்டு நாள் ஆனது.

"துண்டு வாங்க வந்தவன் கால எதுக்குட்டி நீ ஆராய்ச்சி பண்ணுத?"

"ஊர் பூராத்துலயும் எனக்குக் கெடச்சது உங்க கடை வாசல்தான்."

முதல் நாளே குருவிகுளத்துக்காரர் ஒருவர் வாசலில் நின்றுவிட்டார். "என்ன அண்ணாச்சி, துண்டு யாவாரம் படுத்திட்டா? பலகை யாவாரமா?" இளையரசனேந்தலிலிருந்து கல்யாணத்துக்கு மொத்தமாக எடுக்க வந்த ஒரு ஆச்சி, ஏதோ நோன்பு என்று நினைத்து ஆறையும் தாண்டித் தாண்டி மிதிக்காமலே உள்ளே வந்தார். வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "மிதிங்க ஆச்சி, நல்லா மிதிங்க, இல்லன்னா மேல இருக்கவ என்னைய மிதிப்பா" என்றாராம்.

மேலே நான் என் பாதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றின் மேலும் மஞ்சளைக் கரைத்து ஊற்றினேன். விளக்கெண்ணெய் சொட்டினேன். சூடான புளிக்குழம்புச் சட்டியை இறக்கி வைத்தேன். ஒரே அளவில் ஆறு சின்னத் தாமரை போட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் ஒரே துணியால் துடைத்தேன்.

ஆளிவிதை எண்ணெய்தான் காலுக்கு மிகவும் பிடித்தது. மரத்தையே தொடுவது மாதிரி, தோல் தோலைத் தொடுவது மாதிரி. ஆனால் மஞ்சளைக் குடித்துவிட்டது. கடையில் கிடந்த பாதியில் புழுதி ஏறி, ஒரு வாரத்தில் ரோட்டின் நிறத்துக்கு வந்துவிட்டது. மாதம் தவறாமல் மறுபடி பூசுகிறவர்களுக்கு அது சரிப்படும். நான் அப்படி உட்கார்ந்து பூசுகிறவள் இல்லை. வார்னிஷில் சட்டி ஒட்டிக்கொண்டது. மெலமைன் கல் மாதிரி இருந்தது. ஆனால் பலகை கொஞ்சம் நெளிகிற இடத்தில் முடி மாதிரி விரிசல் ஓடியது. எங்கள் கூடத்தில் நடந்தாலே பலகை நெளியும். அங்கே இது எத்தனை நாள் நிற்கும்? பாலிஷ்காரர் நம்பியிருந்த ஆறாவது பலகையில், அடியில் இருந்த அரக்கோடு பி.யூ. ஒட்டவேயில்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். வெயிலில் உரிந்த தோல் மாதிரி முழுசாகக் கையோடு வந்தது. அதை அவரிடம் நீட்டினேன். வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"தேச்சிருவோம்க்கா" என்றார். அவ்வளவுதான்.

கடைசியில் நின்றவை இரண்டு பி.யூ.வும். மஞ்சள் இல்லை, எண்ணெய் இல்லை, தாமரை இல்லை, துடைத்தால் வெறும் மரம். மினுங்குவதைப் பார்த்து வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "இதுதான், இதையே அடிச்சிரும் வே" என்றார்.

"இருங்க" என்றேன். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பலகையையும் முன்னால் போட்டு, காலை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, மினுங்கும் பலகையில் வைத்துத் தள்ளினேன். விரல் நுனியில் ஒரு உந்து. கால் சறுக்கிக்கொண்டு பலகையைத் தாண்டிப் போய்விட்டது. உட்கார்ந்திருந்தும் அந்த மாசி வெள்ளிக்கிழமை ஒரு தடவை வந்துபோனது. அடுத்து மேட். தள்ளினேன். கால் நின்றது. இன்னும் அழுத்தித் தள்ளினேன். கால் நகரவில்லை, நாற்காலிதான் பின்னால் போனது.

"இது" என்றேன்.

இரண்டு ஆண்களும் சேர்ந்து எதிர்த்தார்கள்.

"இம்புட்டு பாடுபட்டு, கடைசியில பாலிஷே அடிக்காத மாதிரியா இருக்கணும்?" என்றார் வீட்டுக்காரர்.

"அக்கா, வந்து பாக்கவங்க என்ன சொல்லுவாங்க? வேலக்காரன் ஏமாத்திட்டுப் போயிட்டாம்பாங்க. ஒரு மினுக்கு வேண்டாமா?" என்றார் பாலிஷ்காரர். அவர் கவலையும் நியாயம்தான். மினுக்கம்தான் அவருடைய கையெழுத்து.

"பாக்கவங்க படியிறங்கிப் போயிருவாங்க தம்பி. நடக்கது நான்."

பாலிஷ்காரர் இன்னொன்றையும் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம், சொன்னார். "மெலமைன்னா ரெண்டு நாள்ல ஏறி நடக்கலாம். இது மூணு பூச்சு, மூணு நாளு. அதுக்கு மேல ஏழு நாள் தண்ணி படக்கூடாது, பாய் விரிக்கக்கூடாது, நடமாட்டமும் கூடாது. தேய்க்க வேற ரெண்டு நாள் ஆகும். உங்களுக்குக் கொடியேத்தம் நெருங்குதே?"

எண்ணிப் பார்த்தேன். கூடம் பன்னிரண்டு நாள் கிடையாது. அந்த மங்கிப்போன தரையில் காய்ந்த காலோடு நடந்து நடந்து அப்போதுதான் முப்பது சுற்றுக்கு வந்திருந்தேன். பன்னிரண்டு நாள் உட்கார்ந்தால் மறுபடி எட்டிலிருந்து.

"இந்த ஒரு ஆடிக்கு மட்டுமா நடக்கப் போறேன்? அடிங்க" என்றேன்.

பழைய பாலிஷைத் தேய்த்து எடுத்தபோது கிழக்கு மூலையை மட்டும் என்னிடம் விடச் சொன்னேன். கால் நீட்டி உட்கார்ந்து, கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் என் எட்டுத் தாமரையையும் நானே தேய்த்தேன். கோலத்தை அழிப்பது எனக்குப் புதிதில்லை. வாசலில் தினம் காலையில் செய்கிற வேலை. ஆனால் துடைப்பத்துக்கு அசையாத கோலத்தைத் தோள்வலியோடு இதழ் இதழாக எடுத்தது அன்றுதான். கடைசி இதழ் போனதும் அடியில் மரம் பச்சை வாசனையோடு முழித்துக்கொண்டது. தும்மலும் வந்தது. வத்தல் இன்னும் தீரவில்லை.

ஆனிக்காற்று அடித்த அடியில் தெருவே ஜன்னல் வழியாக உள்ளே வரப் பார்த்தது. ஈரப் பூச்சில் ஒரு பொட்டு மண் விழுந்தாலும் அது அங்கேயே குடியேறிவிடும். அடைத்துப் பார்த்தும் பழைய ஜன்னல், இடுக்கெல்லாம் காற்று. அப்போதுதான், அதுவரை முறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், கீழே போய், பிரிக்காத கட்டு ஒன்றை உடைத்து, புதுத் துண்டுகளை நனைத்துக்கொண்டு வந்தார். ஜன்னலுக்கு ஜன்னல் கட்டினார்.

"அண்ணாச்சி, நல்லாப் பிழிஞ்சிட்டுக் கட்டுங்க, ஈரம் ஏறுனா பூச்சு கொப்புளிச்சிரும்" என்று உள்ளிருந்து கத்தினார் பாலிஷ்காரர்.

"பிழிஞ்சிட்டுத்தான்வே கட்டுதேன். எனக்கே துண்டப் பத்திச் சொல்லுதீரா?"

மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் மெல்லியதாக. ஒன்று காய்ந்ததும் நைஸ் தாளால் இலேசாகத் தடவி, துடைத்து, அடுத்தது. கனமாக ஒரே தடவையில் ஊற்றிவிட்டால் உரியும் என்று இப்போது அவருக்கும் தெரியும். நான் நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் நான் இருந்ததில்லை. கடை திறப்பதற்கு முன்னால் காலையில் கீழே இறங்கி, துண்டு அடுக்குகளுக்கு நடுவே, ஜமக்காளத்தின் மேல் நடந்தேன். ஆறு அடி வைத்தால் சுவர், திரும்பினால் கல்லாப்பெட்டி. வீட்டுக்காரர் ஊதுவத்தி கொளுத்திக்கொண்டே, "நாடாவுக்கு ஏத்த தறி" என்றார். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு கூடத்து வாசலில் நின்றேன். கடைசியில் மிச்சமிருந்த மேட் பலகையில் ஒரு சின்னத் தாமரை போட்டு, அதைத் தூக்கி அலமாரியைப் பார்க்க நிலைப்படியில் வைத்தேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

ஏழாம் நாள் முடிந்து ஏறினேன். மினுக்கமே இல்லாத, அமைதியான, பழுப்பு நிறத் தரை. சட்டைப்பை நிறையப் புளியங்கொட்டையோடு வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டையை என் கையில் கொடுப்பார். முதல் நாள் பதினொன்று. எட்டு இல்லை, பதினொன்று. பிறகு இருபது. கணுக்கால் மாலையில் வீங்கும், ஐஸ் வைப்பேன், காலையில் மறுபடி ஏறுவேன். நாற்பத்தைந்து வந்த அன்று வேண்டுமென்றே காலை நனைத்துக்கொண்டு ஏறினேன். சுவரைப் பிடிக்கவில்லை. என் ஈரத்தடம் ஒவ்வொன்றாக எனக்குப் பின்னால் காய்ந்துகொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தால் மரம்தான் இருந்தது.

கொடி ஏறியது. நாளுக்குப் பத்து, பன்னிரண்டு என்று கோயிலைச் சுற்றினேன். கருங்கல் சூடு, சிந்திய தண்ணீர், சிதறிய பூ, ஆயிரம் கால். வீட்டுக்காரர் ஒரு தூணோரம் கொட்டைகளோடு நின்றார். தெரிந்தவர்கள் கேட்டால், "வேண்டுதல்லாம் இல்ல, அவளுக்குக் காலு அரிக்கி" என்பார். தபசன்று காலை கடைசி எட்டையும் முடித்தேன். நூற்றெட்டாவது கொட்டையை அவர் உடனே கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் கடை வாசலில் பாலிஷ்காரர். தபசு பார்க்க ஊரிலிருந்து வந்தவர், விட்டுப்போன தன் பூச்சடிக்கிற ரோலரை எடுத்துக்கொள்ள வந்திருக்கிறார். நெற்றியில் கோயில் புற்றுமண். என் காலைத்தான் முதலில் பார்த்தார்.

"முடிஞ்சுதாக்கா?"

"முடிஞ்சுது."

அவரும் கூட ஏறிவர, மாடி நடையில் வாளியிலிருந்து மொண்டு கால் கழுவினேன். துடைக்கவில்லை. அப்படியே கூடத்துக்குள் ஏறி, அந்த மூலைக்குப் போய்த் திரும்பி வந்தேன். அவர் குனிந்து என் ஈரத்தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தடவினார். வெளுப்பு இல்லை. கீறல் இல்லை. எழுந்து, ரோலரை வாங்கி, காகிதத்தில் சுற்றி, பைக்கில் செருகிக்கொண்டார். நான் படியிறங்கி வாசல்வரை வந்தேன். கிளப்பிய வண்டியை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லுதேன். மண்ணுக்காலோட ஏறிராதீய. மண்ணு அறுத்துரும். கழுவிட்டு ஏறுங்க."

"கழுவிட்டு, ஈரத்தோட ஏறுனா?"

"ஏறுங்க. அதுக்குத்தானக்கா இம்புட்டுப் பாடும்."